அம்மன் எடுத்துக் கொடுத்த டீசல் பம்ப்

என் அண்ணன் மகன் திண்டிவனத்தில் கார் ஷெட் வைத்திருக்கிறான். ஒரு வண்டியின் இன்ஜினைக் கழற்றிவிட்டு வேறு இன்ஜின் ஏற்றினால், அதை அடக்கி ஆள எந்தக் கம்ப்யூட்டர் பெட்டியைப் பொருத்துவது என்று நாள் கணக்கில் மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்கிறான். "பொட்டி தப்பாப் போனா இன்ஜின் பேச்சு கேக்காது அத்தே" என்று எனக்கே பாடம் எடுக்கிறான். எனக்கா? பேச்சு கேட்காத இன்ஜின் எப்படிக் கத்தும் என்று நடுரோட்டில் நின்று கேட்டவள் நான். எண்பதுகளில் எங்கள் காருக்குக் கம்ப்யூட்டர் ஏது? டீசல் பம்ப்பின் பின்பக்கம் கவர்னர் என்று ஒன்று இருக்கும். எவ்வளவு டீசல் உள்ளே போகவேண்டும், எப்போது குறையவேண்டும் என்பதெல்லாம் அதன் பொறுப்பு. எங்கள் வீட்டில் அதைத் தேர்ந்தெடுத்த லட்சணத்தை இன்றுவரை அவனிடம் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பான். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்காது.

என்னைக் கட்டிக்கொடுத்தது விழுப்புரத்தில். மாப்பிள்ளை வாடகைக் கார் ஓட்டுகிறவர், சொந்த வண்டி இருந்தால் பிழைத்துக்கொள்வார் என்று அப்பா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற கொல்லை நிலத்தில் பாதியை விற்று, பெட்ரோல் அம்பாசிடர் ஒன்றைச் சீராகக் கொடுத்தார். பழைய வண்டிதான். ஆனால் ஓடியது. இரண்டு வருஷம் ஓடி, அப்புறம் புகை கக்கி, கடைசியில் வீட்டு வாசலிலேயே மூச்சை விட்டது. அன்றிலிருந்து என் மாமியாருக்கு என்னைத் திட்டக் காரணம் தேடுகிற சிரமம் இல்லாமல் போயிற்று.

செத்த இன்ஜினைச் சங்கிலி போட்டுத் தூக்கி வெளியே எடுத்தார்கள். பழைய இரும்புக்காரனுக்குப் போடவேண்டியதுதானே? மாமியார் விடவில்லை. வாசற்படிக்கு நேரே வைக்கச் சொன்னார். வருகிறவர் போகிறவர் எல்லாரும் அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே வரவேண்டும். "இன்னாம்மா இது?" என்று கேட்பார்கள் அல்லவா, அதற்காகத்தான் அது அங்கே இருந்தது. "எங்க சம்பந்தி குடுத்த சீரு. நல்லாக் கீதா?" என்பார். காலையில் சாணி தெளித்துக் கோலம் போடும்போது அந்த இரும்பைச் சுற்றியும் நான் கோலம் போடவேண்டும். எண்ணெய் கசிந்து கோலத்தை நாசம் பண்ணும். மறுபடி போடு என்பார். நல்ல நாள் என்றால் அதற்குப் பொட்டு வைக்கவும் சொல்வார். பக்கத்து வீட்டுப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

இத்தனையையும் நான் பொறுத்துக்கொண்டது ஒரே ஒரு வார்த்தைக்காக. அதைச் சொன்னவர் என் வீட்டுக்காரர். "டீசல் இன்ஜின் ஏத்திட்டா திண்டிவனத்துக்கே போயிடலாம்மே. உங்க அண்ணன் ஷெட்டாண்டயே ஸ்டாண்டு கீது. சின்னதா வீடு பாத்துக்கினு நாம ரெண்டு பேரும் மட்டும் இருக்கலாம்" என்றார். தனிக்குடித்தனம்! வேறெதுவும் வேண்டாம் எனக்கு. நகை வேண்டாம், புடவை வேண்டாம். காலையில் எழுந்து என் வாசலில் என் இஷ்டத்துக்கு ஒரு கோலம், அவ்வளவுதான். வண்டி ஓடினால் நான் அந்த வீட்டை விட்டுப் போவேன், ஓடாவிட்டால் அங்கேயே கிடந்து மட்குவேன். விஷயம் இதுதான், இதில் ஒளிவுமறைவு இல்லை.

அப்போது பெட்ரோல் அம்பாசிடர்கள் எல்லாம் டீசலுக்கு மாறிக்கொண்டிருந்தன. மாமியாரின் தம்பி விழுப்புரத்தில் பழைய சாமான் கடை வைத்திருந்தார். எனக்குச் சின்ன மாமனார் முறை. நாக்கில் தேன், கையில் கத்தி என்பார்களே, அந்த ரகம். அவர் ஏலத்தில் ஒரு வேன் இன்ஜினைப் பிடித்துக் கொடுத்தார். இன்ஜின் நல்லதுதான், நான் பொய் சொல்லமாட்டேன். ஆனால் பம்ப் இல்லாமல் வந்தது. யாரோ முன்பே கழற்றித் தின்றுவிட்டிருந்தார்கள். எந்தப் பம்ப்பைப் போடுவது என்று வந்தபோதுதான் என் தலையெழுத்து நடுக்கூடத்துக்கு வந்தது.

சின்ன மாமனார் கடையில் ஒரு பம்ப் கிடந்தது. திண்டிவனத்தில் என் அண்ணனிடம் ஒன்று இருந்தது. அண்ணன் பஸ் பிடித்து வந்து, இரண்டையும் கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எல்லாருக்கும் புரிகிற மாதிரி சொன்னான்.

"மாப்ள, மாமா குடுக்கறதுல கவர்னருக்குள்ள ரப்பர் சவ்வு கீது. இன்ஜின் காத்த இழுக்கும்போது அந்தச் சவ்வும் சேந்து இழுபடும், டீசல் கொறையும். நல்லாத்தான் ஓடும். ஆனா ரப்பரு பழசு. அது கிழிஞ்சிதுன்னா டீசலக் கொறைக்க ஆளில்ல. காலை எடுத்தாலும் இன்ஜின் ஏறிக்கினே போவும். என்னுதுல ரப்பரே இல்ல. ரெண்டு இரும்புக் குண்டு சுத்தும். ஸ்பீடு ஏறுனா குண்டு வெளிய விரியும், டீசல அதுவே கொறைக்கும். கொஞ்சம் சத்தம் போடும். ஆனா கை விடாது."

"ஓ, இவுருதான் இன்ஜினையே கண்டுபுடிச்சாரு" என்றார் சின்ன மாமனார். "ரப்பர் கவர்னர்தான்பா சாஃப்டு. பாசஞ்சர் தூங்கிக்கினே வருவான். வாராவாரம் நம்ம கடையில வந்து டியூன் பண்ணிக்கினா போதும். நான் இல்ல?"

அங்கேதான் முடிச்சு. ரப்பர் கவர்னர் என்றால் வாராவாரம் விழுப்புரம். வண்டி அந்த ஊரை விட்டு நகராது. குண்டு கவர்னர் என்றால் அண்ணன் ஷெட்டில் பொருத்தவேண்டும், வண்டி திண்டிவனம் ஸ்டாண்டில் நிற்கும். கூடத்தில் இருந்த எல்லாருக்கும் இது தெரியும். வாயால் மட்டும் யாரும் சொல்லவில்லை. சவ்வு, குண்டு, சாஃப்டு என்று பேசினார்கள். நான் கதவோரம் நின்று என் புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இரண்டு பம்ப்பையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தார். பேசுங்கள் ஐயா, வாயில் என்ன கொழுக்கட்டையா!

கடைசியில் மாமியார்தான் பேசினார். "மச்சான் சொல்றத கேட்டா மாமனுக்குக் கோவம், மாமன் சொல்றத கேட்டா மச்சானுக்குக் கோவம். எதுக்குப் பேஜாரு? அம்மன் கிட்ட பூ கட்டிப் பாத்துடலாம்."

அண்ணன் சிரித்துவிட்டான். "கவர்னருக்கா அத்தே பூ கட்டிப் பாப்பாங்க? பொண்ணு பாக்கறதுக்குப் பாப்பாங்க, கெணறு வெட்டறதுக்குப் பாப்பாங்க..."

"உன் தங்கச்சிக்குப் பாக்காம உட்டதுதான் நாங்க பண்ண தப்பு" என்றார் மாமியார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு தன் பம்ப்பைச் சாக்கில் சுற்றினான்.

எங்கள் குலதெய்வம் முகையூர்ப் பக்கம் ஏரிக்கரையில் இருந்தது. கூரை இல்லாத சின்னக் கோயில், பூசாரி விசேஷ நாளில் மட்டும் வருவார். வெள்ளை அரளி என்றால் அண்ணன் பம்ப், சிவப்பு அரளி என்றால் சின்ன மாமனார் பம்ப் என்று பேச்சு. என் வீட்டுக்காரர் கடைத்தெருவில் பூ வாங்கிக்கொண்டு வந்தார். மாமியார் சூலத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, வாழை இலையில் இரண்டு பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வந்து அம்மன் காலடியில் வைத்தார். வழக்கமாகச் சின்னப் பிள்ளையைத்தான் எடுக்கச் சொல்வார்கள். சின்ன மாமனாரின் பேத்தி கூடவே வந்திருந்தாள். அவளை விட்டுவிட்டு, "நீ எடுடி" என்றார் என்னிடம்.

எனக்கு ஒரே சந்தோஷம்தான்! என் கைக்கு ஒரு மரியாதையா என்று நினைத்தேன். பைத்தியக்காரி. வண்டி நாளைக்கு நின்றால் தம்பியைக் குறை சொல்லமுடியாது, அம்மனைக் குறை சொல்லமுடியாது. மிச்சம் இருப்பது எடுத்த கைதான். அதற்குத்தான் என் கையைத் தேடினார் என்பது அப்போது என் மரமண்டைக்கு ஏறவில்லை.

கண்ணை மூடி, தாயே திண்டிவனம் என்று மனசுக்குள் கதறிக்கொண்டு எடுத்தேன். பிரித்தால் சிவப்பு. சின்ன மாமனார் கற்பூரம் ஏற்றக் குனிந்தார். என் கை சும்மா இருக்குமா? கீழே கிடந்த மற்றப் பொட்டலத்தையும் எடுத்துப் பிரித்துவிட்டேன். அதற்குள்ளும் சிவப்பு.

"அத்தே, ரெண்டும் செவப்பு" என்றேன்.

வேறொருத்தி என்றால் முகம் வெளுத்திருப்பாள். என் மாமியார் ஒரு நொடிதான் பார்த்தார். அடுத்த நொடி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, "அம்மா! வெள்ளய செவப்பா மாத்திட்டியேம்மா! சந்தேகமே வேணாம்னு சொல்லிட்டியேம்மா!" என்று கூவி மண்ணில் விழுந்தார். சின்ன மாமனார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் வீட்டுக்காரரும் போட்டுக்கொண்டார். சாமி முன்னால் நான் ஒருத்தி மட்டும் மரம் மாதிரி நின்றேன். "கும்புடுடி மூதேவி" என்று மாமியார் மண்ணில் கிடந்தபடியே சொன்னார்.

அதற்கப்புறம் விழுப்புரத்தில் அந்தப் பம்ப்புக்கு இருந்த மவுசு எனக்கு இல்லை. அம்மன் பூவை மாற்றி எடுத்துக் கொடுத்த பம்ப் என்று சின்ன மாமனார் கடைத்தெரு முழுக்கப் பரப்பிவிட்டார். பானெட்டைத் திறக்கச் சொல்லி ஆட்கள் வந்து கும்பிட்டார்கள். ஒருத்தி கவர்னர் மேல் குங்குமம் அப்பிவிட்டுப் போனாள். அதைத் துடைக்கிற வேலையும் எனக்குத்தான். வண்டியும் நன்றாகத்தான் ஓடியது, அதுதான் கொடுமை. ஒவ்வொரு சவாரி முடிந்து வரும்போதும் மாமியார் என்னைப் பார்த்து, "ஓடுதா இல்லியா?" என்பார். நான் "ஓடுது அத்தே" என்று சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் சோறு இறங்காது அவருக்கு.

திண்டிவனம் பேச்சை எடுத்தால் என் வீட்டுக்காரர் வானத்தைக் காட்டுவார். "அம்மனே சொல்லிட்டா, நான் இன்னாமே பண்ண முடியும்?" எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. பரிதாபம்தான் வந்தது. அம்மாவுக்கும் மாமனுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நசுங்குகிறாரே, அவரும் என்னைப் போலத்தானே என்று ராத்திரியில் அவர் காலைப் பிடித்துவிட்டேன். நினைத்தால் இப்போதும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

அண்ணன் மகளுக்குக் காது குத்தல் வந்தது. காரிலேயே திண்டிவனம் போய்வர மாமியார் சம்மதித்தார். நான் ஒரு முடிவோடு கிளம்பினேன். போனால் திரும்பப்போவதில்லை, அவரையும் திரும்பவிடப்போவதில்லை. டிக்கியில் சீர்வரிசைத் தட்டுக்கு அடியில் ஸ்டவ்வையும், இரண்டு பாத்திரத்தையும், என் துணி மூட்டையையும் சொருகி வைத்திருந்தேன். அண்ணன் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தான். போய் இறங்கியதும் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டால் மனசு மாறாதா என்று நினைத்தேன். விக்கிரவாண்டி வரைக்கும் அவர் சந்தோஷமாகப் பாடிக்கொண்டுதான் ஓட்டினார்.

கூட்டேரிப்பட்டு நெருங்கும்போது முன்னால் ஒரு மாட்டு வண்டி. அவர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். இன்ஜின் குறையவில்லை. ஏறியது. முதலில் சாதாரணமாக உறுமியது, அப்புறம் அலறியது, அப்புறம் நான் அதற்குமுன் கேட்டிராத ஒரு சத்தம். வீட்டையே தூக்கிக் குலுக்குகிற மாதிரி கார் ஆடியது. அவர் கியரை நியூட்ரலில் தள்ளி, பிரேக்கில் ஏறி நின்று, வண்டியை ஓரம் கட்டிவிட்டார். அதுவரைக்கும் கெட்டிக்காரத்தனம்தான். டீசல் இன்ஜினைச் சாவியைத் திருப்பி அணைக்கமுடியாது, ஸ்டாப் கம்பியை இழுக்கவேண்டும். பயத்தில் அவர் இழுத்த இழுப்பில் கம்பி அறுந்து கையோடு வந்தது.

"எறங்கு! எறங்கிடு!" என்று கத்திக்கொண்டே பானெட்டைத் திறந்தார். கருப்புப் புகை ரோட்டையே மூடிக்கொண்டது. பம்ப்பில் இருக்கிற ஸ்டாப் லீவரைக் கையாலேயே தள்ளப் பார்த்தார். "வேணாங்க, தொடாதீங்க, வாங்க இந்தாண்ட!" என்று நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. சட்டைக் கையை ஃபேன் பிடித்து இழுத்துவிட்டது. அப்புறமும் அந்த இன்ஜின் நிற்கவில்லை. அவர் ரோட்டில் விழுந்து துடிக்கிறார், அது பாட்டுக்குக் கத்திக்கொண்டே இருந்தது. யாரோ ஒரு லாரிக்காரர் ஓடிவந்து கோணிப்பையைச் சுருட்டிக் காற்றுக் குழாயின் வாயில் அடைத்தார். அப்போதுதான் அது விக்கி விக்கி ஓய்ந்தது.

வலது கையில் மூன்று விரல் போயிற்று. அந்த லாரிக்காரரே திண்டிவனம் ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தார். அண்ணன் போய் வண்டியைப் பார்த்துவிட்டு வந்தான். சவ்வு நடுவில் கிழிந்திருந்தது என்றான். நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடக் கொஞ்சம் அழுதிருப்பேன்.

மறுநாள் மாமியாரும் சின்ன மாமனாரும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். மகன் கையில் இருந்த கட்டைப் பார்த்து மாரில் அடித்துக்கொண்ட மாமியார், வார்டு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க என் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்குத் தீட்டோடதானடி பூவ எடுத்த? சொல்லு! சுத்தமான கை எடுத்திருந்தா அம்மா இப்படிப் பண்ணுவாளா? எம் புள்ள வெரல முழுங்கிட்டியேடி!"

"ரெண்டும் செவப்பு அத்தே. ரெண்டுலயும் செவப்ப வெச்சிக் கட்டினது நீங்க" என்றேன். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து முதல்முறையாகக் குரலை உயர்த்தினேன். "தீட்டு எங் கையில இல்ல, உங்க மனசுல!"

"பாத்தியாடா, அம்மன் செஞ்ச அதிசயத்தயே பொய்ன்றா. இவ இனிமே நம்ம வாசப்படி மிதிக்கக் கூடாது" என்றார் மாமியார் தம்பியிடம். சின்ன மாமனார் மாமியாரைத் தோளைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார். போகிறபோக்கில், வண்டியில் இருந்த பேட்டரியை யாராவது கழற்றிவிடப்போகிறார்கள், ஜல்தி போய்ப் பார்க்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டு போனார்.

நான் அண்ணன் வீட்டிலிருந்து கொண்டுவந்த தூக்கைத் திறந்து சாம்பார் சாதத்தைத் தட்டில் போட்டுப் பிசைந்தேன். முதல் நாள் ராத்திரியிலிருந்து நான்தான் ஊட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். பாழாய்ப்போன மனசு அந்த நேரத்திலும் கணக்குப் போட்டது. மாமியாரே வாசற்படி மிதிக்காதே என்று சொல்லியாகிவிட்டது. இனி இவருக்கு வேறு வழி ஏது? கை குணமானதும் இங்கேயே ஒரு பெட்டிக்கடை வைத்துக்கூடப் பிழைக்கலாம். அண்ணன் கொடுத்த வீட்டுச் சாவி இடுப்பில்தான் இருந்தது. "அவங்க போனா போவட்டும்ங்க. நாம இங்கியே இருந்துடலாம். வீடு கூட..." என்று ஆரம்பித்தேன்.

"அம்மாவ எதுக்கு அப்படிப் பேசின?" என்றார்.

"பின்ன? பொட்டலத்துல..."

"அம்மாவுக்குத் தெரியாதும்மே. பூ வாங்கினு வந்தது நானு. வெள்ளப் பூவே வாங்கல. ரெண்டு பங்கையும் தனித்தனியா எலயில சுருட்டி நானே மூடி வெச்சிருந்தேன். பிரிச்சிக் கூடப் பாக்காத கட்டுமான்னு குடுத்தேன், அது அப்படியே கட்டிச்சி." குரலில் கோபம் இல்லை. எனக்கு விளங்கவைக்கிற மாதிரி, பொறுமையாகச் சொன்னார். "திண்டிவனத்துல எனக்கு யாரு கீறா சொல்லு? எங்க அம்மாவ உட்டுட்டு எப்படி வர்றது? உன்கிட்ட சொன்னா அழுவ. அதான் அம்மன் மேல போட்டுட்டேன்."

என் கையில் சோற்று உருண்டை இருந்தது. அவர் வாயைத் திறந்தார். சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டோம், இனி சாப்பிடலாம் என்று, பசித்த குழந்தை மாதிரி வாயைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

நான் உருண்டையைத் தட்டில் போட்டேன். தட்டை அவர் மடியில் வைத்தேன்.

"இன்னாமே? ஊட்டு" என்றார். "கை வரலியே எனக்கு."

"உங்க அம்மா வெளியதான் கீறாங்க. கூப்புடுங்க" என்று சொல்லிவிட்டு, கையை அவர் போர்வையிலேயே துடைத்தேன்.

வராந்தாவைத் தாண்டும்போது தட்டு கீழே விழுகிற சத்தம் கேட்டது. நேரே அண்ணன் வீட்டுக்குப் போய், பானையில் மிச்சமிருந்த சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, வயிறு நிறையத் தின்றேன்.